நிட்டாவோவும் ஒரு மேசை விளையாட்டும்

தீயதோர் இனத்தைக் கற்பனையில் படைப்பது மிக எளிது. உருவத்தைக் குறுக்க வேண்டும். எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். பற்களையும் நகங்களையும் சற்று நீட்டி, பேச்சைக் கீச்சொலியாக்க வேண்டும். இருப்பிடமாக ஒரு குகையையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. பின்னர் அந்தக் குகைக்குள் புகுந்து அவர்களைக் கொல்வதற்கு எவரும் காரணம் கேட்கமாட்டார்கள். இது ஏன் இத்தனை எளிதாக இருக்கிறது என்ற கேள்வி சில வாரங்களாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

கேள்வியைக் கிளப்பியவன் என் அக்காவின் மகன். மட்டக்களப்பில் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்னரே ரொறன்ரோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவன். அவனும் நண்பர்களும் வார இறுதிகளில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனைப் பாத்திர விளையாட்டு ஆடுவது வழக்கம். நம் வாசகர்களிற் பலருக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் சிறு விளக்கம். கணினி தேவையில்லை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வர். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகள் தீர்மானிக்கும். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளின் தாய். தாயக்கட்டையும் தெரிந்த, விடிய விடியக் கூத்து ஆடவும் தெரிந்த மட்டக்களப்பாருக்கு இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்ததுதான் அமெரிக்கர்களின் கெட்டித்தனம்.

மருமகன் கேட்டது இதுதான்: “மாமா, எங்கட ஊரில இருந்து ஒரு குள்ளமான, கெட்ட சனம் வேணும். கொப்லின் எல்லாரிட்டயும் இருக்கு. மட்டக்களப்பு வாவிக்குப் பக்கத்தில இருக்கிறமாதிரி ஒண்டு சொல்லுங்கோ.”

ஒரு பத்திரிகையாளனிடம் இவ்வாறு கேட்டால் அவன் முதலிற் செய்வது ஆதாரம் தேடுவதுதான். ஆதாரமும் கிடைத்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

மேனாட்டார் இத்தகைய இனத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்பதை முதலிற் பார்த்துவிடுவோம். கொப்லின், கோபோல்ட் ஆகிய இரண்டும் ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தவை. கோபோல்ட் என்பது செருமானிய வீடுகளிலும் சுரங்கங்களிலும் உலவியதாக நம்பப்பட்ட குட்டி ஆவி. பால் வைத்தால் வேலை செய்யும். மறந்தால் தொல்லை தரும். சுரங்கத் தொழிலாளரை ஏமாற்றி நஞ்சூறிய தாதுவைக் கொடுத்தது அதுதான் என்று நம்பியமையாற்றான் கோபால்ட் என்ற உலோகத்துக்கே அப்பெயர் ஏற்பட்டது. இந்த ஆவிகளுக்கு மனம் உண்டு, கோபம் உண்டு, கணக்கு உண்டு. அவற்றை நிலத்துக்கடியில் வாழும் ஒரு குடியாக, மனிதர்மேல் வஞ்சம் வளர்த்த கூட்டமாக நாவலில் ஆக்கியவர் ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ஜோர்ஜ் மக்டொனால்ட். ‘இளவரசியும் கொப்லினும்’ என்ற அவரது நூல் 1872 இல் வந்தது. பின்னர் டோல்கீன் அவர்களைப் படைவீரர்களாக்கினார். 1977 இல் வெளியான ‘மொன்ஸ்டர் மனுவல்’ என்ற விளையாட்டுக் கையேடு அவர்களை அட்டவணைக்குள் அடக்கியது. எத்தனை பேர் கூட்டமாக வருவர், எத்தனை அடி தாங்குவர், என்ன புதையல் வைத்திருப்பர், அவர்களின் ஒழுக்கச் சார்பு என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கொப்லினுக்கும் கோபோல்டுக்கும் நேரே ‘தீயது’ என்று அச்சாகிவிட்டது. ஆவியாக இருந்தபோது செய்கையைப் பொறுத்திருந்த தீமை, இனமான பின்னர் பிறப்பைப் பொறுத்ததாயிற்று.

நம்மிடம் என்ன இருக்கிறது? குறளி இருக்கிறது. குட்டிச்சாத்தான் இருக்கிறது. கிழக்கிலங்கையிலே மாந்திரீகக் கதை கேளாமல் வளர்ந்தவர் எவருமில்லை. குறளி குள்ளமானது, கல்லெறியும், சோற்றில் மண் போடும், வைத்த பொருளை இடம்மாற்றும். விளையாட்டுக்கு வேண்டிய அங்க இலக்கணம் முழுவதும் பொருந்துகிறது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். குறளி ஓர் இனமன்று. அதற்கு ஊரில்லை, குடும்பமில்லை, குகையில்லை. மந்திரவாதி ஏவினாற் போகும், ஏவல் முடிந்தால் திரும்பும். வீட்டின்மேற் கல் விழுந்தால் நம் மூதாட்டிகள் கேட்ட கேள்வி ‘இது என்ன பேய்?’ என்பதன்று, ‘இதை ஏவினவன் யார்?’ என்பதே. தீமையின் சொந்தக்காரன் வேலியின் மறுபக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நடமாடும் ஒரு மனிதன். இக்கற்பனையில் ஒரு நீதி உணர்வு இருக்கிறது என்று நான் எண்ணுவதுண்டு.

பழைய இலக்கியத்திலும் குள்ளர் உள்ளனர். கலிங்கத்துப்பரணியின் கூளிகள் பிணக்களத்திலே கூழ் அட்டு உண்டு கும்மாளமிடுபவை. அவற்றை எவரும் வேட்டையாடுவதில்லை, அவற்றுக்குத் தலைவியாகக் காளி இருக்கிறாள். கலித்தொகையின் மருதக்கலியில் அரண்மனையிற் பணிபுரியும் ஒரு குறளனும் ஒரு கூனியும் ஒருவரையொருவர் எள்ளி, ஏசி, பின்னர் இணங்கும் காட்சி ஒன்று உண்டு. படிப்பவர் சிரிக்கவே அது எழுதப்பட்டது. ஆனால் அங்கே குறளன் பேசுகிறான், கூனி பதிலுக்குப் பேசுகிறாள். சிரிப்புக்குரியவராக்கப்பட்டாலும் சொல் அவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை.

ஆகவே மருமகனுக்குக் குறளியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது ‘சனம்’. அப்படி ஒரு சனத்தைப் பற்றிய கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்கோடி பாணமைப்பற்று. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இந்த வழி காலில் பதிந்திருக்கும். பாணமை கழிந்தால் உகந்தை முருகன் மலை. அதற்கப்பால் குமணைக் காடு. பின்னர் குமுக்கன் ஆறு. ஆங்காங்கே பெரும் பாறைகளும் அவற்றின் கீழே குகைகளும் தென்படும். இந்தக் காட்டை அண்டிய லேனமப் பகுதியில் முற்காலத்தில் நிட்டாவோ என்ற குள்ள இனம் வாழ்ந்ததாக ஒரு கதை உண்டு. அதை முதலில் அச்சேற்றியவர் ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி ஹியூ நெவில். தாமே நடத்திய ‘தப்ரோபேனியன்’ என்ற சஞ்சிகையில் 1886 இல் எழுதினார். 1914 இல் பிரெடரிக் லூயிஸ் அதே பகுதிக்குச் சென்று கேட்டவற்றை எழுதினார். 1945 இல், கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்த ஒஸ்மன் ஹில் இதனை விடைகாணாப் புதிர் என்று ஆராய்ந்தார். 1963 இல் கப்டன் ரம்புக்வெல்ல என்பவரின் கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வந்தது. இன்றுவரை நிட்டாவோவின் எலும்பு என்று சொல்லத்தக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

கதை இதுதான். நிட்டாவோக்கள் மூன்று, நான்கு அடி உயரமானவர்கள். நிமிர்ந்து நடப்பார்கள், வாலில்லை. கைகள் குட்டை, நகங்கள் நீளம். பத்து, இருபது பேராகக் கூட்டம் கூட்டமாகக் குகைகளிலும் மரங்களிலும் தங்குவார்கள். முயல், அணில், ஆமை முதலியவற்றைப் பிடித்து நகத்தாற் கிழித்து உண்பார்கள். ஆயுதமில்லை. நாயைக் கண்டால் அச்சம். பேச்சு பறவைகளின் கீச்சொலி போன்றது. வேடர்களிற் சிலருக்கு அது விளங்குமாம். வேடர் காய வைத்த இறைச்சியைத் திருடுவார்கள். வேடன் ஒருவன் தனியே உறங்கக் கண்டால் நகத்தால் வயிற்றைக் கிழித்துக் கொல்வார்கள். இரு சாராருக்கும் ஓயாத பகை. கடைசியில் லேனம வேடர்கள் எஞ்சிய நிட்டாவோக்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாயிலில் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். மூன்று நாட்கள் தீ எரிந்தது. உள்ளே இருந்தோர் புகையில் மூச்சுத்திணறி மாண்டனர். அத்துடன் அந்த இனம் அற்றுப்போயிற்று.

மருமகனுக்கு இதை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘மாமா, பேர்ஃபெக்ட்!’ என்று. அளவு சரி, நகம் சரி, குகை சரி, இறைச்சித் திருட்டு நகைச்சுவைக்குச் சரி, உறங்குபவனைக் கொல்வது தீமைக்குச் சரி. அட்டவணையின் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன.

அவ்வளவு கச்சிதமாக நிரம்பியதுதான் எனக்கு இடித்தது. முப்பது ஆண்டுக்காலம் பொலிஸ் அறிக்கைகளையும் இராணுவ அறிக்கைகளையும் இயக்க அறிக்கைகளையும் படித்து வந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த அறிக்கையிலும் முதலிற் பார்ப்பது, இதைச் சொன்னவர் யார் என்பதையே. நிட்டாவோ கதையைச் சொன்னவர்கள் தீ வைத்தவர்களின் வழிவந்தோர். உள்ளே இருந்தவர் தரப்பிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, வரவும் முடியாது. நிட்டாவோக்கள் கொடியவர்கள் என்பதற்கு நமக்குள்ள ஒரே சான்று, அவர்களைக் கொன்றவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான். கதையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. அவர்களின் கீச்சொலி சில வேடர்களுக்கு விளங்கியதாம். விளங்கியது என்றால் பேசினார்கள். என்ன பேசினார்கள்? எதற்குப் பதில் சொன்னார்கள்? கதை அதைத் தொடவேயில்லை.

இங்கே வேடர்மேற் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதும் நேர்மையன்று. கதை அவர்களிடமிருந்து வேட்டைக்காரர்கள் வழியாக வெள்ளை அதிகாரியின் குறிப்பேட்டுக்கு வந்தது. கைமாறும்போதெல்லாம் ஏதோ சேர்ந்திருக்கும். அது எத்தகைய காலம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் உறவினர்கள் இருவர் 1892, 1893 ஆண்டுகளில் வேடரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டு, மனிதகுல ஏணியின் அடிப்படியில் அவர்களை நிறுத்திய காலம். மகாவம்சமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இயக்கரைத் தீவிலிருந்து துரத்தி, குவேனியின் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டது. எல்லோராலும் அடிப்படியில் நிறுத்தப்பட்டவர்களின் கதையில், அவர்களுக்கும் கீழே இன்னும் குள்ளமான, இன்னும் காட்டுத்தனமான ஒரு சனம் இருக்கிறது. வேடரின் வேடர் நிட்டாவோ. இது தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இதே கதை வேறோரிடத்திலும் இருக்கிறது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் நாகே என்னும் மக்கள் எபு கோகோ என்ற குள்ளரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர்களும் உணவு திருடுபவர்கள், அவர்களுடைய பேச்சும் விளங்காத முணுமுணுப்பு, அவர்களும் கடைசியில் ஒரு குகைக்குள்ளே தீயிட்டு அழிக்கப்பட்டவர்கள். மானிடவியலாளர் கிரெகரி போர்த் இதனை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 2003 இல் அத்தீவின் லியாங் புவா குகையில், ஏறத்தாழ மூன்றரை அடி உயரமான தொல்மனித எலும்புகள் அகப்பட்டு, 2004 இல் அறிவிக்கப்பட்டபோது உலகமே பரபரப்படைந்தது. பத்திரிகைகள் அதற்கு ‘ஹொபிட்’ என்று டோல்கீனின் சொல்லையே பெயராகச் சூட்டின. எபு கோகோ உண்மைதான் என்று ஒரு சாரார் துள்ளினர். 2016 இல் காலக்கணிப்புத் திருத்தப்பட்டு, அவ்வெலும்புகள் 60,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை எனத் தெரிந்தபின் துள்ளல் அடங்கியது. நான் நிட்டாவோ இருந்தார்கள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் வாதிடவில்லை. கடலால் பிரிந்த இரு தீவுகளில் ஒரே அமைப்பில் கதை இருக்கிறது: குள்ளர், திருடர், பேச்சு விளங்காதோர், குகை, தீ. எலும்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கதையின் வேலை ஒன்றுதான். தீயைச் சரியென்று காட்டுவது.

விளையாட்டுக்கு வருகிறேன். 1970களின் இறுதியில் கைகாக்ஸ் எழுதிய ‘எல்லைப்புறக் கோட்டை’ என்ற சாகசக் கையேடு, புதிதாக ஆட வருவோருக்கான பாலபாடம். இலட்சக்கணக்கானோர் அதை ஆடியிருக்கிறார்கள். அதிலே ஒரு பள்ளத்தாக்கு, அதன் சுவர்களிற் குகைகள், குகைக்கொரு தீய குலம். வீரர்கள் ஒவ்வொரு குகையாகப் புகுந்து ‘துப்புரவு’ செய்ய வேண்டும். இதிலே விசித்திரம் என்னவென்றால், அக்கையேடு குகைக்குள் இருக்கும் பெண்களையும் குஞ்சு குருமான்களையும் எண்ணிக்கையிட்டுக் காட்டுகிறது. ஆகவே ஆடுவோர் மத்தியில் அன்றே ஒரு கேள்வி எழுந்தது: ஆண்களைக் கொன்றாயிற்று, குழந்தைகளை என்ன செய்வது? 2005 இல் இத்தகைய கேள்வி ஒன்றுக்குப் பதில் கூறுகையில், ஈர்தான் பேனாகும் என்ற பொருள்படும் பழைய ஆங்கிலச் சொலவடையைக் கைகாக்ஸ் துணைக்கழைத்தார். அச்சொலவடை கேணல் ஜோன் சிவிங்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக் ஓரத்தில் செயென், அரபாஹோ பழங்குடி மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமற் கொன்ற படையின் தளபதி அவர். கற்பனைக் குகைக்குரிய நியாயம் உண்மையான ஓர் ஆற்றங்கரையிலிருந்து வந்தது.

இதை வாசிக்கும் கிழக்கிலங்கையாருக்கு மேலே விளக்கம் தேவைப்படாது. எங்கள் ஊர்ப்பெயர்களிலேயே இது புதைந்திருக்கிறது. முக்குவர், பட்டாணியர் துணையுடன் திமிலரை வடக்கே விரட்டிய கதையை மட்டக்களப்பில் அறியாதவர் இல்லை. 1962 இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலும் திமிலர் வருகிறார்கள். சத்துருக்கொண்டான், சந்திவெளி, வந்தாறுமூலை என்ற பெயர்களுக்கெல்லாம் அந்தத் துரத்தலையே காரணமாக ஊரார் சொல்வர். வந்து ஆறிய மூலையாம், ஆறியவர்கள் துரத்தியவர்கள். துரத்தப்பட்ட திமிலர் எங்கே ஆறினர் என்று எந்த ஊர்ப்பெயரும் சொல்லவில்லை.

பின்னர் 1990 வந்தது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர் 158 பேரை இராணுவம் அழைத்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் இருந்து முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோர், கைக்குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். எல்லாம் ஒரே வாவிக் கரையில், சில மைல்களுக்குள். ஒவ்வொன்றுக்கும் முன்னர், ‘அவங்கள் எல்லாரும் அப்பிடித்தான்’ என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் நடமாடியது. அந்தப் பேச்சை நான் என் காதாற் கேட்டிருக்கிறேன், ஒரு தரப்பாரிடம் மட்டுமன்று. ‘எல்லாரும் அப்பிடித்தான்’ என்பது கையேட்டில் ஒழுக்கச் சார்பு என்ற கட்டத்தில் எழுதப்படும் சொல்.

விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், கற்பனைப் பூதத்துக்காகக் கண்ணீர் விடுவதா என்று சிலர் கேட்பார்கள். மருமகனும் கேட்டான். “கொல்லுறதுக்கு ஆராவது வேணும்தானே மாமா?” நியாயமான கேள்வி. கதைக்குப் பகைவர் வேண்டும். பகைவரே இல்லாத கதையை நான் வாசிக்கவும் மாட்டேன். மேசையில் பூதத்தை வெட்டுபவன் தெருவில் மனிதனை வெட்டுவான் என்ற வாதத்திலும் எனக்கு நம்பிக்கையில்லை. அவ்வாறாயின் கூத்திலே துரியோதனனுக்கு ஆடிய அண்ணாவிமார் எல்லாரும் சிறையில் இருந்திருக்க வேண்டும். நான் சொல்வது வேறு. நம் கூத்திலே துரியோதனன் தீயவன். கௌரவர் எல்லாரும் பிறவியிலேயே தீயவர் என்று எந்த அண்ணாவியாரும் பாடவில்லை. விகர்ணன் எழுந்து நின்று பேச இடம் விட்டிருக்கிறார்கள்.

விளையாட்டு உலகத்தாரும் இதனை உணராமல் இல்லை. 2020 இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் ஓர்க் முதலிய இனங்களைப் பிறவித் தீயோராகச் சித்திரிப்பதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. 2024 இல் வந்த புதிய கையேட்டில் ‘இனம்’ என்ற சொல்லுக்குப் பதிலாக உயிரினவகை என்ற பொருள்தரும் சொல் வந்துவிட்டது. எனக்கு இதிலே அரைத் திருப்திதான். பெயர்ப்பலகையை மாற்றுவது எந்த நிறுவனத்துக்கும் கைவந்த கலை. அதைவிட, தீமையை அறவே துடைத்து எல்லாரையும் நல்ல பிள்ளைகளாக்கிவிட்டால் கதை சப்பென்று போய்விடும். பைசோ நிறுவனத்தார் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2007 முதல் அவர்கள் படைத்த கொப்லின்கள் குறும்பும் கொடுமையும் உள்ளவர்கள், தீயை விரும்புபவர்கள், பாட்டுக் கட்டிப் பாடுபவர்கள். எழுத்தைக் கண்டால் அவர்களுக்கு அச்சம். எழுதினால் தலைக்குள் இருக்கும் சொல் களவுபோய்விடுமாம். ஆடுவோருக்கு அவர்கள்மேல் அத்தனை பிரியம் வந்து, 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் கொப்லினாகவே ஆடுவதற்கு அடிப்படை விதிகளிலே இடம் கொடுத்தார்கள். எழுத்துக்கு அஞ்சும் குள்ளர் என்ற கற்பனை வேடிக்கையாகச் செய்யப்பட்டதுதான். நெவிலின் சஞ்சிகையைப் படித்த பின்னர் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிட்டாவோ இருந்திருந்தால் எழுத்துக்கு அஞ்சியது சரிதான்.

பூதமாக வரையப்படுவது எப்படி இருக்கும் என்று மட்டக்களப்பாரைக் கேட்டால் தெரியும். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற சொல் வடக்கிலே தலைமுறை தலைமுறையாக வழங்குவது. போனவன் திரும்பமாட்டான், மருந்து போட்டு மயக்கிவிடுவார்கள், மந்திரக்காரர் பூமி. நான் ஒரு கொழும்புப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேசையில் மதியச் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, பக்கத்து மேசைக்காரருக்கு மீன் பொரியலில் ஒரு துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “உங்கட ஊர்ச் சாப்பாடு எண்டா யோசிச்சுத்தான் சாப்பிடவேணும் தம்பி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல மனிதர்தான், பிற்காலத்தில் என் வீட்டில் பலமுறை சாப்பிட்டார். ஆனால் அந்த முதல் மறுப்பு வெறும் பகிடியன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வளமான வயலும் வாவி மீனும் உள்ள ஊருக்கு வந்தவர்கள் மணமுடித்து இங்கேயே தங்கிவிட்டதற்கு, வீட்டில் காத்திருந்தோர் கண்டுபிடித்த ஆறுதல் விளக்கம் அது என்பது என் கருத்து. போனவன் விரும்பி இருந்துவிட்டான் என்பதைவிட ஒட்டவைத்துவிட்டார்கள் என்பது மனதுக்கு இலகு.

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்?

நிட்டாவோ என்ற பெயரை எடுக்காதே என்றேன். பெயர் கதையையும் சேர்த்து இழுத்துவரும். வேடரையும் இழுக்காதே. வாகரை, பனிச்சங்கேணி, களுவன்கேணி முதலிய இடங்களில் இன்று தமிழ் பேசிக்கொண்டு வாழும் வேடர்குடி மக்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். அவர்களின் குமார தெய்வச் சடங்கு விளையாட்டுக்கு அலங்காரப் பொருளும் அன்று. ஊருக்குள்ளே அவர்களைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும்.

பின்னர் இருவரும் தொலைபேசியில் உட்கார்ந்து படைத்தோம். (ஒன்றரை மணி நேரம். அக்காவுக்குக் கோபம்.) வாவிக் கரையின் கண்டல் வேர்களுக்கிடையே வாழும் குள்ளர். நகம் உண்டு, களவும் உண்டு. வலையை அறுப்பார்கள், இறால் கூட்டைக் காலியாக்குவார்கள், தனியே தோணியில் உறங்குபவனைச் சும்மா விடமாட்டார்கள். தீமையைக் குறைக்கவில்லை. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் பாடுமீன் ஒலி இருக்கிறதல்லவா, அதுதான் அவர்கள் பேசும் மொழி. கரையில் நின்று கேட்பவருக்கு அது இசை. தண்ணீருக்குள் காதை வைத்துக் கேட்பவருக்கு, விதி அனுமதித்தால், சொல். ஆடுவோரில் ஒருவருக்கேனும் அம்மொழி விளங்க வேண்டும் என்பது கட்டாய விதி. விளங்கியதை மற்றவர்களுக்குச் சொல்வதா, மறைப்பதா என்பது அவருடைய விருப்பம். என் கணக்கில் அந்த ஆட்டத்தின் மிகக் கொடிய ஆயுதம் நகமன்று, இதுதான்.

அடுத்து, கையேட்டில் அவர்களைப் பற்றிய பக்கத்தை இரண்டு கைகளில் எழுதச் சொன்னேன். ஒன்று வலை அறுபட்ட மீனவனின் வாக்குமூலம். மற்றது ஒழுக்கச் சார்பு என்ற கட்டத்துக்குப் பதிலாகக் குறளிக் கேள்வி: ஏவினவன் யார்? கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணைக்கு வரம்பு கட்டும் முதலாளியா? அவர்களின் தலைவியா? பசியா? ஒவ்வோர் ஆட்டத்திலும் கதை நடத்துபவர் விடையை முன்கூட்டியே எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில ஆட்டங்களில் ‘எவருமில்லை, அவர்களே’ என்றும் இருக்கலாம். அதற்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் அது வேறொரு பொய்.

தீ வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம், ஆனால் நிட்டாவோ கதையைப் போலவே மூன்று நாட்கள் எரிய வேண்டும் என்றேன். தாயத்தை ஒருமுறை உருட்டி முடித்துவிட முடியாது. மூன்று நாட்களும் ஆடுவோர் வாயிலில் இருந்து விறகு போட வேண்டும். ஒவ்வொரு நாளும் உள்ளிருந்து கேட்கும் ஒலியை மொழி விளங்கியவர் மொழிபெயர்க்க வேண்டும். மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப ஆரும் கொளுத்தமாட்டாங்கள் மாமா” என்றான். கொளுத்துபவர்களும் இருப்பார்கள், பார் என்றேன்.

சென்ற மாதம் முதல் ஆட்டம் நடந்தது. ஐந்து பேர். முதல் நாள் விறகு போட்டார்கள். இரண்டாம் நாள் இருவர் எழுந்துபோய்விட்டார்கள். மற்ற மூவரும் மொழி விளங்கியவனை வாயை மூடச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து விறகு போட்டார்கள்.

பாணமை, கோமாரி, பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலோ, வடக்கே வாகரைப் பக்கத்திலோ, காட்டுக் குள்ளரைப் பற்றிப் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்ட கதை உள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். நல்ல தமிழில் திருத்த வேண்டாம். சொன்னவர் சொன்னபடியே, அவர் எந்த ஊர், எந்தக் குடி, யாரிடம் கேட்டவர் என்பதையும் சேர்த்து.